முன்பின் தெரியாத நால்வர், ஒரு வண்டி: திபிலீசியிலிருந்து கஸ்பேகிக்கு

ஜார்ஜியாவின் தலைநகரான திபிலீசியில் டிதூபே என்றொரு பஸ் நிலையம் இருக்கிறது. காலை எட்டரை மணிக்கு அங்கே தனியாகப் போய் நிற்பவர், ஒன்பதரைக்குள் வேறு வேறு நாட்டுக்காரர்கள் மூன்று பேரோடு ஒரே காரில் காக்கேசிய மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருப்பார். முன்பதிவு கிடையாது, வழிகாட்டி கிடையாது. நம் ஊர் ஷேர் ஆட்டோவுக்கு உள்ள அதே கணக்குதான்: சீட்டு நிரம்பினால் வண்டி கிளம்பும். ஆனால் ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம் யாரோடு உட்கார்ந்தாலும் ஒன்றுதான். இங்கே சுமார் 150 கிலோமீட்டர் மலைப்பாதை, போக வரச் சேர்த்து ஒரு முழு நாள். அந்த நாள் நன்றாகப் போகுமா, மனக்கசப்பில் முடியுமா என்பது கதவைச் சாத்துவதற்கு முன்பு பேசும் பத்து நிமிடத்தில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் பாதி அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியதுதான்.

போகும் ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்டெபான்ட்ஸ்மிண்டா. சோவியத் காலத்துப் பெயரான கஸ்பேகிதான் இன்னும் எல்லார் வாயிலும், வண்டிகளின் முன்கண்ணாடிப் பலகையிலும் இருக்கிறது. வரைபடத்தில் ஒரு பெயரும் பலகையில் இன்னொரு பெயரும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். குழம்பக் கூடாத இன்னொரு பெயர் விளாடிகவ்காஸ். அது ரஷ்ய எல்லைக்கு அப்பால் உள்ள ஊர். அங்கே போகும் வண்டிகளும் இதே நிலையத்திலிருந்து இதே சாலையில்தான் போகின்றன. ஏறுமுன் ‘கஸ்பேகி?’ என்று டிரைவரிடம் இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மாலை

திடீர்ப் பயணம் என்றாலும் முதல் நாள் மாலை அரை மணி நேரம் ஒதுக்கினால் மறுநாள் பாதித் தொல்லை குறையும். முதலில் வானிலை. திபிலீசியின் வானிலையை அல்ல, ஸ்டெபான்ட்ஸ்மிண்டாவின் வானிலையைப் பாருங்கள். திபிலீசி 400, 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஊர் 1,740 மீட்டரில். நகரில் சட்டை நனைய வியர்க்கும் நாளிலும் மேலே ஸ்வெட்டர் தேவைப்படும். கோடையில் கஸ்பெக் சிகரம் காலையில் துலக்கமாக நிற்கும், நண்பகலுக்குப் பிறகு மேகம் மூடிக்கொள்ளும். பத்து மணிக்குக் கிளம்பியவர்கள் பலரும் 5,000 மீட்டருக்கு மேல் நிற்கும் அந்தச் சிகரத்தைப் பார்க்காமலே திரும்புவதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது கூட்டாளிகள். ஹாஸ்டலில் தங்கியிருந்தால் பொதுச் சமையலறைதான் சரியான இடம். பழைய சோவியத் தையல் தொழிற்சாலையை மாற்றி அமைத்த ஃபாப்ரிகா போன்ற பெரிய ஹாஸ்டல்களில், மறுநாள் கஸ்பேகி போக நினைக்கும் யாராவது ஒருவர் எப்போதும் இருப்பார். ‘நாளைக்கு வருகிறீர்களா?’ என்று மொட்டையாகக் கேட்டால் பதில் இழுபறியாக இருக்கும். ‘காலை எட்டு மணிக்கு வாசலில். மெட்ரோவில் டிதூபே. நான்கு பேர் சேர்ந்தால் முழு வண்டி பேசலாம். இரவு எட்டுக்குள் திரும்புகிறோம்’ என்று நேரம், வழி, ஆள் கணக்கு, திரும்பும் பொழுது நான்கையும் சேர்த்துச் சொன்னால், வருபவர் வருகிறேன் என்பார், வராதவர் அங்கேயே விலகுவார். எட்டு மணிக்கு ஒருவர் வரவில்லையா? பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். விட்டுப்போன இடத்தை டிதூபே நிரப்பிவிடும்.

ஆள் கணக்கில் மூன்று அல்லது நான்குதான் சரி. சாதாரணக் காரில் பின்சீட்டில் மூவர், முன்னால் ஒருவர். ஐந்து பேர் என்றால் மிட்சுபிஷி டெலிகா போன்ற ஏழு சீட் வண்டி வேண்டும், விலை ஏறும். ஆறு பேரைத் தாண்டினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஒருவரைத் தேட வேண்டியிருக்கும்.

யாரைச் சேர்ப்பது? இருபது நிமிடம் பேசினாலே தெரிந்துவிடும். மூன்று கேள்வி போதும். நடக்கப் போகிறீர்களா, காரிலேயே மேலே போவீர்களா? இன்றே திரும்புகிறீர்களா, தங்குகிறீர்களா? வழியில் நிறுத்தி நிறுத்திப் போகவா, நேராகவா? இந்த மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் நாடு, மொழி, வயது எதுவும் தடையில்லை. மூன்றிலும் ஒத்துப்போகாத ஒருவரை நல்லவர் என்பதற்காக மட்டும் சேர்த்துக்கொண்டால் இருவருக்கும் நாள் கெடும்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. வளைகுடாவிலிருந்து விமானத்தில் மூன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பதால் அங்கே வேலை செய்யும் தமிழர்கள் பெருநாள் விடுமுறையில் நிறையப் பேர் ஜார்ஜியா வருகிறார்கள். விசா விதி அடிக்கடி மாறுகிறது. டிக்கெட் எடுக்கும் முன் ஜார்ஜிய அரசின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். விமான நிலையத்தில் திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, மருத்துவக் காப்பீடு, கையிருப்புப் பணத்துக்குச் சான்று ஆகியவற்றை அச்சிட்ட தாளாகக் கையில் வைத்திருங்கள். ‘ஊரைச் சுற்றிப் பார்த்து முடிவு செய்வேன்’ என்ற பதில் பயணிக்கு அழகு. குடியேற்ற அதிகாரியிடம் அது எடுபடாது.

டிதூபேயில் பத்து நிமிடம்

டிதூபே மெட்ரோ முதல் பாதையில் இருக்கிறது. ஒரு பயணத்துக்கு 1 லாரி (வண்டி அல்ல, ஜார்ஜிய நாணயத்தின் பெயர்), வங்கி அட்டையையே வாயிலில் தட்டலாம். 1 லாரி என்பது முப்பது ரூபாய்க்குச் சற்று மேல். வெளியே வந்ததும் பழக்கடை, செருப்புக்கடை, ரொட்டிக்கடை என்று சந்தை. அதைத் தாண்டினால் வண்டிகள். நீங்கள் தேட வேண்டாம், ‘கஸ்பேகி, கஸ்பேகி’ என்று கூவிக்கொண்டு உங்களைத் தேடி வருவார்கள். முதலில் வருபவர் பெரும்பாலும் டிரைவர் அல்ல, ஆள் பிடித்துத் தருபவர். அவரோடு விலை பேசாமல் வண்டியைக் காட்டச் சொல்லுங்கள்.

இங்கே மூன்று வகை உண்டு. மர்ஷ்ரூத்கா என்பது பதினெட்டு, இருபது பேர் ஏறும் வேன். தலைக்கு 15 முதல் 20 லாரி, நிற்காமல் மூன்று மணி நேரம். இரண்டாவது ஷேர் டாக்சி. தலைக்கு 30 முதல் 40 லாரி கேட்பார்கள், வழியில் மூன்று இடத்தில் நிறுத்துவார்கள், கஸ்பேகியில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றாவது முழு வண்டியும் போக வர ஒரு நாள் வாடகைக்கு. 200 லாரியிலிருந்து 300 வரை, வண்டியையும் பருவத்தையும் பொறுத்து. பேரம் தொடங்கும் முன் கோட்ரிப் என்ற உள்ளூர் வாடகை வண்டித் தளத்தில் அதே பாதைக்கு என்ன விலை போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டால் நியாய விலை தெரியும். அதை டிரைவரிடம் காட்டலாம், தவறில்லை.

240 லாரி வண்டியை நால்வர் பிரித்தால் தலைக்கு 60. ஷேர் டாக்சியில் போய் மர்ஷ்ரூத்காவில் திரும்பினால் தலைக்கு 50, 55. வித்தியாசம் சிறியது. திரும்பும் வண்டிக்காக மாலையில் பதைக்க வேண்டாம் என்பதால், நால்வர் சேர்ந்துவிட்டால் முழு வண்டிதான் நல்லது. மூவருக்குக் குறைவாக இருந்தால் ஷேர் டாக்சி.

இனி அந்தப் பேச்சு. விலை லாரியிலா, டாலரிலா? தலைக்கா, மொத்தமா? எங்கெங்கே நிறுத்தம், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம்? கெர்கெட்டி கோவில் வரை மேலே ஏறுமா, ஊரோடு நின்றுவிடுமா? சச்சரவு அதிகம் வருவது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். ‘கஸ்பேகி’ என்று டிரைவர் சொன்னது ஊர்ச் சதுக்கத்தை. நீங்கள் நினைத்தது மலைமேல் கோவிலை. நடுவில் ஆறு கிலோமீட்டர் ஏற்றம். முன்பு அது ஜீப் மட்டும் ஏறும் மண்பாதை, இப்போது தார் போட்டாயிற்று. சாதாரணக் காரும் போகும். ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு உள்ளூர் வண்டிக்குத் தனிப் பணம் கொடுக்காமலிருக்க, டிதூபேயிலேயே அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

பேசியதை எண்ணாக செல்பேசியில் தட்டிக் காட்டுவது மரியாதைக் குறைவு அல்ல. ஜார்ஜிய மொழியில் எண்கள் இருபது இருபதாகப் போகின்றன. ஒத்சி என்றால் 20, ஒர்மொத்சி என்றால் இரண்டு இருபது, அதாவது 40. ஐம்பது என்பது இரண்டு இருபதும் பத்தும்: ஒர்மொத்ஸ்தாஅத்தி. சந்தை இரைச்சலில் 40-க்கும் 50-க்கும் காது ஏமாறும். ‘ரா கிர்ஸ்?’ என்றால் ‘என்ன விலை?’ என்று அர்த்தம். கேட்டுவிட்டு செல்பேசியை நீட்டுங்கள், அவரே எண்ணைப் போடுவார். வயதான டிரைவர்களுக்கு ரஷ்யன் தெரியும், ஆங்கிலம் குறைவு. மொழிபெயர்ப்புச் செயலியில் ஜார்ஜிய மொழியை இணையம் இல்லாமலும் இயங்கும்படி முன்பே இறக்கி வையுங்கள்.

பணம் முழுவதையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். பெட்ரோலுக்கு என்று பாதி கேட்டால் மூன்றில் ஒரு பங்கு கொடுக்கலாம். மீதி திபிலீசியில் இறங்கும்போது. 20 லாரிக்குக் குறைந்த நோட்டுகளாக வைத்திருங்கள். ஆளுக்கொரு பெரிய நோட்டாக நீட்டினால் அன்றைய கடைசி அரைமணி சில்லறையிலேயே போகும்.

வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிடுங்கள். டயர் வழுக்கையா, பின்சீட்டில் பெல்ட் கொக்கி வெளியே இருக்கிறதா, டிரைவருக்குக் கண் சிவந்திருக்கிறதா. ஜார்ஜியாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த, வலப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள பழைய கார்கள் இன்னும் நிறைய உண்டு. அந்தக் காரின் டிரைவர் சரக்கு லாரியை முந்த வேண்டுமானால் உடம்பு முழுவதும் வெளியே போன பிறகுதான் எதிரே வருவது தெரியும். மலைச்சாலையில் இது பெரிய ஆபத்து. வேறு வண்டி இருந்தால் அதை எடுங்கள், பத்து லாரி கூடுதலானாலும் சரி. நம்பர் பலகையைப் படமெடுத்து ஹாஸ்டலுக்கோ வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள், உங்கள் இருப்பிடத்தையும் பகிருங்கள். பெண்கள் மட்டுமல்ல, எல்லாரும் செய்ய வேண்டியது இது. அதை எல்லார் எதிரிலும் செய்வது இன்னும் நல்லது. நல்ல டிரைவர் தானே பலகைக்கு அருகில் நின்று சிரிப்பார். அவசரத்துக்கு எண் 112. போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு மூன்றுக்கும் அதுதான்.

முன்சீட்டு யாருக்கு என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். வால்பாறை, கொல்லிமலை வளைவுகளில் குமட்டுபவர் இருந்தால் அவருக்கு. இல்லையென்றால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மாறி மாறி.

வழி

முதல் நிறுத்தம் ஷின்வாலி நீர்த்தேக்கம், பத்து நிமிடம் போதும். சாலையோரம் தோரணமாகத் தொங்குவது சுர்ச்கேலா: நூலில் கோத்த அக்ரூட் பருப்பைக் கெட்டியான திராட்சைச் சாற்றில் முக்கி முக்கி உலர்த்தியது. ஒரு கூட்டத்துக்கு இரண்டு போதும், நாள் முழுக்கப் பசி தாங்கும். அடுத்தது அனனூரி கோட்டை. இதற்கு முப்பது நிமிடம் கொடுங்கள், பதினேழாம் நூற்றாண்டுக் கோவிலின் வெளிச்சுவர்ச் சிற்பம் அவசரத்தில் பார்ப்பதற்கானது அல்ல. பசனாவுரி அருகே வெள்ளை அரக்வி, கறுப்பு அரக்வி என்ற இரண்டு ஆறுகள் நிறம் கலக்காமல் சிறிது தூரம் ஒட்டி ஓடும். மழை பெய்த மறுநாள் இரண்டும் ஒரே சேறாக இருக்கும், அன்று நிறுத்தத் தேவையில்லை.

பசனாவுரிதான் ஹின்காலிக்குப் பேர் போனது. கொழுக்கட்டை போல மடிப்பு வைத்த மாவுக்குள் இறைச்சியும் அதன் சாறும். மேல் முடிச்சைக் கையால் பிடித்து, தலைகீழாக்கி, ஓரத்தில் சிறிது கடித்துச் சாற்றை உறிஞ்சிவிட்டுப் பிறகு சாப்பிட வேண்டும். கத்தியால் வெட்டினால் சாறு தட்டில் போய்விடும். முடிச்சைத் தின்பதில்லை, தட்டிலேயே விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்த இறைச்சி என்பதால், விலக்குபவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். ‘ஹோர்த்ஸிஸ் கரேஷே’ என்றால் இறைச்சி இல்லாமல். ‘சமார்ஹ்வோ’ என்றால் நோன்பு உணவு, அதில் பாலும் முட்டையும்கூட இருக்காது. சைவர்களுக்கு இந்த நாட்டில் குறையே இல்லை. காளான் ஹின்காலி, மண்சட்டியில் வரும் அவரைக் குழம்பான லோபியோ, அக்ரூட் அரைத்துச் சுருட்டிய கத்தரிக்காய் எல்லாம் கிடைக்கும். பல கடைகளில் ஒரு வகையில் ஐந்து ஹின்காலிக்குக் குறைத்துக் கொடுக்கமாட்டார்கள். நால்வருக்கு இரண்டு வகை, வகைக்குப் பத்து என்று தொடங்குங்கள். பில்லில் சேவைக் கட்டணம் தனியாகச் சேர்ந்திருக்கும். பங்கு பிரிக்கும்போது அதை மறந்துவிட்டுக் கடைசியில் ஒருவர் தலையில் கட்டுவது வழக்கமாக நடக்கிறது.

பணத்துக்கு எளிய வழி பொதுப் பை. காலையில் ஆளுக்கு 30 லாரி போட்டு ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அதிலிருந்து. தீர்ந்தால் மறுபடி ஆளுக்குப் பத்து. மதுவைப் பொதுப் பையில் சேர்க்காதீர்கள். குடிக்காதவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், மனதில் வைத்துக்கொள்வார்.

பிறகு குடாவுரிக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள். குமட்டலுக்கு மாத்திரை போடுபவர்கள் இதற்கு அரை மணி முன்பே போட வேண்டும். டிரைவர் வேகம் கூட்டினால் ‘நேலா, நேலா’ என்று சொல்லுங்கள். மெதுவாக என்று அர்த்தம். சொல்லக் கூச்சப்பட்டு நால்வரும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வண்டிகள்தான் அதிகம். ஒருவர் சொன்னால் மற்றவர்களும் சேர்ந்து சொல்லுங்கள், பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

மேலே 1983-இல் கட்டிய ரஷ்ய-ஜார்ஜிய நட்புச் சின்னம்: பள்ளத்தாக்கின் விளிம்பில் ஓவிய ஓடுகள் பதித்த அரைவட்டச் சுவர். இருபது நிமிடம். அங்கே பாராகிளைடிங் அழைப்பு வரும். ஒருவர் பறக்கப் போனால் மற்றவர்கள் ஒரு மணி நேரம் குளிரில் நிற்க வேண்டும் என்பதை மனதில் வைத்து எல்லாரையும் கேட்டு முடிவு செய்யுங்கள். வீடியோவுக்குத் தனிப் பணமா என்றும் கேளுங்கள். இந்தச் சின்னத்தை வைத்து அரசியல் பேச்சைத் தொடங்க வேண்டாம். 2008 ரஷ்ய-ஜார்ஜியப் போரின் காயம் இங்கே ஆறவில்லை. டிரைவரே பேச்செடுத்தால் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஜ்வாரி கணவாய் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயத்தால் சாலையை மூடிவிடுவார்கள். கோடையிலும் தாமதம் உண்டு. ரஷ்ய எல்லைக்குப் போகும் சரக்கு லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாளில் மூன்று மணிப் பயணம் ஐந்தாகும். அதனால் அன்று இரவே விமானம் வைத்துக்கொண்டு இந்தப் பயணத்துக்குக் கிளம்பாதீர்கள்.

கெர்கெட்டி திரித்துவக் கோவில் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 2,170 மீட்டரில் நிற்கிறது. ஊரிலிருந்து நடந்தால் ஒன்றரை மணி நேரம், செங்குத்தான ஏற்றம். நடப்பவரும் காரில் போவோரும் பிரிவதாக இருந்தால் ‘மேலே பார்க்கலாம்’ என்று பிரியாமல், ‘கோவில் வாசலில் இரண்டு மணி, வராவிட்டால் நான்கு மணிக்கு ஊர்ச் சதுக்கம்’ என்று இரண்டு இடம், இரண்டு நேரம் சொல்லிப் பிரியுங்கள். உள்ளே போகப் பெண்களுக்குத் தலையில் துணியும் பாவாடையும் வேண்டும், ஆண்களுக்கு அரைக்கால்சட்டை கூடாது. துப்பட்டா ஒன்று பையில் இருந்தால் உங்களோடு வந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கும் உதவும். நடைபாதையில் ஆட்டு மந்தை கண்டால் சுற்றிப் போங்கள். காவல் நாய்கள் மிகப் பெரியவை. ஓடாமல் நின்று, ஆட்டிடையரைக் குரல் கொடுத்து அழைக்க வேண்டும்.

விலகுவதும் தங்குவதும்

மதியத்துக்குள் கூட்டம் ஒட்டவில்லை என்று தெரிந்தால் பிரிவதில் தவறில்லை. உங்கள் பங்குப் பணம் முழுவதையும் கொடுத்துவிட்டு, காரணம் எதுவும் அடுக்காமல், ‘நான் இங்கே தங்குகிறேன்’ என்றால் போதும். விருந்தினர் இல்லங்கள் ஊர் முழுக்க உண்டு. ஆகஸ்டிலும் விடுமுறை நாட்களிலும் மட்டும் இடம் கிடைப்பது சிரமம். தங்குபவருக்கு மறுநாள் விடியலில் மேகமற்ற கஸ்பெக் கிடைக்கும். எங்களைக் கேட்டால் ஒட்டிய கூட்டமும் ஓர் இரவு தங்குவதுதான் சரி. ஆனால் அதை டிதூபேயிலேயே பேச வேண்டும், டிரைவரை மலைமேல் வைத்துக்கொண்டு அல்ல.

இரவு தங்கினால் வீட்டுக்காரர் சாச்சா ஊற்றுவார். திராட்சைச் சக்கையில் வடித்த, வீட்டில் காய்ச்சினால் ஐம்பது சதவீதத்தையும் தாண்டும் சாராயம். வேண்டாம் என்றால் நெஞ்சில் கை வைத்து ‘மத்லோபா’, நன்றி, என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கையால் மூடுங்கள். பாதி குடித்துவிட்டு வைத்தால் மறுபடி நிரம்பும். தண்ணீரோ எலுமிச்சைப் பானமோ வைத்துக்கொண்டு ‘கௌமார்ஜோஸ்’ சொல்லி எல்லாரோடும் கோப்பையை உயர்த்தினால் யாரும் குறையாக நினைப்பதில்லை.

திபிலீசி திரும்பிய இரவில் ஒரே ஒரு எச்சரிக்கை. நாள் முழுக்க நல்லவர்களோடு இருந்துவிட்டால் மனம் இளகியிருக்கும். அப்போது நகரின் ருஸ்தவேலி சாலைப் பக்கம் புதிதாக அறிமுகமாகும் ஒருவர் ‘எனக்குத் தெரிந்த பார் ஒன்று இருக்கிறது’ என்று ஒரு குறிப்பிட்ட இடத்துக்கே அழைத்தால் போகாதீர்கள். நூற்றுக்கணக்கான லாரி பில்லோடு கதவருகே ஆட்கள் நிற்கும் ஏமாற்று அது. அந்த நபர் உண்மையானவரா என்று பார்க்க ஒரு வழி உண்டு: நீங்கள் ஒரு கடையைச் சொல்லுங்கள். உண்மையானவர் அங்கே வருவார்.

காலையில் உடன் வந்தவர்களோடு பிரியும்போது கணக்கை அன்றே முடித்துவிடுங்கள். பொதுப் பையில் மிஞ்சியதைச் சமமாகப் பிரித்து, டிரைவருக்கு மீதியைக் கொடுத்து, அவர் நன்றாக ஓட்டியிருந்தால் மேலே பத்து லாரி. அவர் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஹாஸ்டல் சமையலறையில் யாராவது கஸ்பேகி பற்றிக் கேட்பார்கள், கொடுக்கலாம்.